கணக்கில் வராத சரக்கு

பாட்டிலின் முதுகில் நான் பென்சில் கோடு போடுவது
அண்ணனுக்குத் தெரியாது.
தெரிந்தாலும் மாலைக்குள் மறந்துவிடும்.
கோடு எனக்காகத்தான்.

"ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்," என்றார் டாக்டர் செட்லாச்கோவா.
"நாற்பது வருடப் பழக்கம். உடம்பு உதறும், வலிப்பு வரும்.
வாரத்துக்கு ஒரு கரண்டி குறையுங்கள்."
சமையல் குறிப்புச் சொல்லும் குரல்.

முதல் வாரம் தினமும் ஒரு கரண்டி எடுத்து
ஒரு கரண்டி தண்ணீர்.
மறுவாரம் இரண்டு.
எங்கள் மொராவியப் பக்கத்துப் பிளம் பிராந்திக்கு நிறம் கிடையாது,
பொய் சொல்ல வசதி.

ஆறு மணிக்குக் கேட்பான்:
இன்றைக்கு இன்னும் ஊற்றவில்லையே?
குடித்தாயிற்று, அலோயிஸ்.
ஆறரைக்கு:
இன்றைக்கு இன்னும் ஊற்றவில்லையே?
ஏழுக்கு நாற்காலி விழும்.
என் வீட்டில் எனக்கே ரேஷனா என்று
கோட்டு போடாமல் பனியில் இறங்கிவிடுவான்.
ஒரு சொட்டும் குடிக்காத ராத்திரியில்தான்
குடிகாரன் என்று போலீஸ் அவனைக் கூட்டிவந்தது.

சரி, எடுத்த கரண்டிகள் எங்கே போயின?

தொட்டியில் கொட்ட மனம் வரவில்லை.
எங்கள் மரத்துப் பழம், ஏணியில் ஏறி நான் உலுக்கியது.
மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு ஜாம் ஜாடியில் சேர்த்தேன்.
ஜாடி ஒருநாளும் நிரம்பவில்லை.
முதலில் அவன் தூங்கிய பிறகு.
அப்புறம் அவன் எப்போது தூங்குவான் என்று காத்துக்கொண்டே.
அப்புறம் பட்டப்பகலில், ஜன்னல் பக்கம் திரும்பி, காப்பிக் கோப்பையில்.
அவன் குறையக் குறைய நான் கூடினேன்.
தராசுத் தட்டுகள் மாதிரி என்று சொல்லலாம்,
ஆனால் தராசு இப்படி நாறாது.

முப்பத்தோரு வருடம் கலால் துறையில் இருந்தவன் அண்ணன்.
அவன் முன்வாசலில் நுழைந்தால்
பின்வாசலில் ஒரு பீப்பாய் வெளியேறும் என்பார்கள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
விறகு அள்ளிக்கொண்டு உள்ளே வருகிறேன்,
சமையல் மேசையில் அந்த நீலப் பெட்டி திறந்து கிடக்கிறது.
கண்ணாடிக் குழாய். மிதவை. வெப்பமானி.
காலையில் சட்டைப் பொத்தானோடு தோற்ற விரல்கள்
ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுகின்றன.
பக்கத்தில் பாட்டில்.
பக்கத்தில் ஜாடி.

மிதவையின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தினான்.
"இது பதினொன்று. இது ஐம்பத்திரண்டு.
அம்மா," என்றான்,
முன்பின் தெரியாத பெண்ணை அதிகாரி அழைக்கும் அம்மா,
"இந்த வீட்டில் கணக்கில் வராத சரக்கு இருக்கிறது.
யாருடையது?"

எட்டு மாதமாக யாரும் கேட்காத கேள்வி.
டாக்டர்கூட அவனுடைய கரண்டிகளைத்தான் எண்ணினார்.
விறகைக் கீழே வைக்கத் தோன்றாமல்
என்னுடையது என்றேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

சொன்னேன்.

"எல்லோரும் பாதிதான் சொல்வார்கள்,"
என்று இரண்டால் பெருக்கி எழுதினான்.
சரியாக இருந்தது.

கேஸ் பில்லின் பின்பக்கம், தேதி தப்பு, ஆண்டும் தப்பு,
தொகை மட்டும் துல்லியம்.
கையெழுத்துக் கேட்டான். போட்டேன்.
யார்மிலா என்று எழுத்துக்கூட்டிப் படித்து
முதல்முறையாக முகம் இளகினான்.
"என் தங்கச்சி பேரும் இதுதான்.
அவள் இதையெல்லாம் தொடவே மாட்டாள்."

வியாழக்கிழமை வரும் நர்ஸிடம் பில்லை நீட்டினேன்.
கேஸ் கட்டணம் என்று நினைத்து மேல்பக்கத்தைப் படித்தாள்.
திருப்புங்கள் என்று சொல்வதற்குள்
எனக்கு வேர்த்துவிட்டது.
திருப்பினாள்.
ஒன்றும் சொல்லவில்லை, கோட்டைக் கழற்றி உட்கார்ந்தாள்.

இப்போது ஜாடியின் முதுகிலும் கோடு இருக்கிறது.
ஞாயிறுகளில் அவள் அக்கா வந்து அலோயிஸோடு சீட்டாடுகிறாள்,
நான் ஆற்றுப் பாலம்வரை நடந்துவிட்டு வருகிறேன்.
சில ஞாயிறுகளில் பாலத்துக்குப் போவதில்லை.

ஆறு மணி. இன்றைக்கு இன்னும் ஊற்றவில்லையே என்கிறான்.
குடித்தாயிற்று என்கிறேன்,
யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமல்.
போன வாரம் இரண்டு நாள் கோடு தாண்டியது.
பில்லில் எழுதியிருக்கிறேன்.
பெருக்க வேண்டாம், அது முழுக் கணக்கு.